தரவு வரவில்லை, வந்தும் திறக்கவில்லை, திறந்தும் சரியில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு பொட்டல் காட்டை ஒட்டிய ஆய்வகத்தில் எனக்கு வேலை. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளின் தரவைச் சேர்த்து வைப்பது, கேட்கிற மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது, அவர்கள் முட்டி நிற்கும்போது போனை எடுப்பது. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) நம் பக்கத்தை ஒட்டிப் போவதால், பகலில் 100 கிலோமீட்டர் சொச்சம் உயரத்தில் ஓடும் மின்னோட்டம் இங்கே தரையிலேயே பளிச்சென்று பதிவாகும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இதனால்தான்.

"அண்ணே, கருவி கெட்டுப்போச்சு" என்றுதான் எல்லா போனும் தொடங்கும். பத்தில் எட்டுத் தடவை கருவி நன்றாக இருக்கும். கோளாறு லேப்டாப்பில் இருக்கும், அல்லது கடிகாரத்தில் இருக்கும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். எதில் கை வைக்கும் முன்பும் மூலக் கோப்பை ஒரு படி எடுத்து, 'வாசிக்க மட்டும்' என்று மாற்றி, தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் இன்னொரு படியில்.

## அறிகுறி 1: சர்வருக்குள் நுழைய முடியவில்லை

### பாஸ்வேர்டு சரி, ஆனால் ஏற்க மாட்டேன் என்கிறது

முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். தமிழ் 99 தட்டச்சு முறை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் தட்டுவது வேறு, போவது வேறு. புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவே முடியாது. நோட்பேடில் ஒரு தடவை அடித்துப் பார்த்து அழித்துவிட்டால் இதுவும் தெரியும், கேப்ஸ் லாக் விழுந்திருப்பதும் தெரியும்.

போனில் வரும் ஆறு இலக்க எண்ணும் கேட்கிற சர்வர் என்றால், போனின் நேரத்தைத் 'தானாக' என்று வையுங்கள். அந்தச் செயலி வழக்கமாக 30 நொடிக்கு ஒரு எண்ணைக் கடிகாரத்தை வைத்துத்தான் உருவாக்குகிறது. இரண்டு நிமிடம் பிசகிய போன் தவறான எண்ணைத்தான் காட்டும்.

பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக் கோப்பு வைத்து நுழைகிறவர்கள், அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து லினக்ஸ் கணினியில் போட்டிருந்தால், கோப்பின் அனுமதி எல்லாருக்கும் திறந்து கிடக்கும். அப்படிக் கிடக்கும் சாவியை, சர்வருக்குள் நுழைய வைக்கும் எஸ்எஸ்ஹெச் நிரல் தொடாது. அனுமதியை 600 (உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும்) என்று மாற்றினால் சரியாகிவிடும்.

மூன்று தடவைக்கு மேல் முயலாதீர்கள். பல சர்வர்கள் தொடர்ந்து தவறினால் நீங்கள் வரும் இணைப்பின் ஐபி முகவரியையே பூட்டிவிடும். ஹாஸ்டல் வைஃபை என்றால் உங்களோடு சேர்த்து மொத்த ஹாஸ்டலும் வெளியே நிற்கும். அந்தக் கட்டத்தில் சர்வர் நிர்வாகியைக் கூப்பிடுங்கள். பயனர் பெயர், முயன்ற நேரம், திரையில் வந்த வாசகத்தின் படம், இந்த மூன்றும் போதும். பாஸ்வேர்டை அனுப்பாதீர்கள். அவருக்கு அது தேவையே இல்லை.

### சுற்றிக்கொண்டே இருந்து, நேரம் முடிந்தது என்கிறது

நீங்கள் தட்டிய கதவு வரை சத்தமே போகவில்லை. விபிஎன் (வெளியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) ஓடவில்லை, அல்லது இடையில் உள்ள தடுப்புச்சுவர் மறிக்கிறது. லேப்டாப்பைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முயலுங்கள். அதில் நுழைந்தால் வளாக நெட்வொர்க் ஆளிடம் பேச வேண்டும், அதிலும் இல்லையென்றால் சர்வர் நிர்வாகியிடம்.

### கண் இமைக்கும் முன்பே மறுத்துவிடுகிறது

அங்கே இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது, நீங்கள் தேடும் சேவை ஓடவில்லை, அல்லது போர்ட் எண் (அந்தச் சேவையின் வாசல் எண்) தவறு. எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிர்வாகிக்குச் சொல்லுங்கள். உங்களால் செய்யக்கூடியது வேறில்லை.

### நேற்று வரை சரி, இன்று சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என எச்சரிக்கிறது

லேப்டாப்பில் சேமித்திருக்கும் பழைய அடையாள வரியை அழித்தால் போதும் என்று சீனியர் யாராவது சொல்லுவார். போனில் நிர்வாகியைக் கேட்காமல் அழிக்காதீர்கள். சர்வரை மாற்றி நிறுவியிருந்தால் அவரே சொல்லிவிடுவார். நிறுவவில்லை என்றால் அந்த எச்சரிக்கை உண்மையான எச்சரிக்கை.

## அறிகுறி 2: இறங்குகிறது, ஆனால் விடிந்துவிடும் போலிருக்கிறது

முதலில் கணக்கைப் போடுங்கள். இணைய நிறுவனம் சொல்வது மெகாபிட், திரையில் ஓடுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 10 மெகாபிட் இணைப்பில் 40 ஜிகாபைட் இறங்க 9 மணி நேரம் ஆகும். அது கோளாறே இல்லை, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

வளாகத்துக்குள்ளேயே மெதுவாக இருக்கிறது, வேகம் 11 மெகாபைட்டில் நிலையாக நிற்கிறது என்றால் எனக்குப் பார்க்காமலே தெரியும், கேபிள்தான். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் பல நேரம் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். எங்கள் இடத்தில் முதல் குற்றவாளி எலி. வேறொரு கேபிளை மாற்றிப் பாருங்கள். சுவருக்குள் போகும் கேபிள் என்றால் நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள்.

சின்னச் சின்னக் கோப்புகளாக ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்றால் வேகமான இணைப்பும் நொண்டும். நிமிடத்துக்கு ஒரு கோப்பு எழுதும் கருவி ஆண்டுக்கு 5,25,600 கோப்புகளைத் தள்ளும். சர்வர் பக்கத்திலேயே டார் கோப்பாகக் கட்டி, ஒரே மூட்டையாக இறக்குங்கள்.

பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்றால் இழுத்துப் போடுவதை விட்டுவிட்டு ஆர்சிங்க் என்ற கோப்பு நகல் நிரலைப் பயன்படுத்துங்கள். அரைகுறைக் கோப்பை வைத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவோடு ஓட்டினால், மறுமுறை மிச்சத்தை மட்டும் எடுத்து வரும். லேப்டாப் தூங்கிப்போகும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். 'நடுராத்திரி அறுகிறது' என்று வந்த புகார்களில் பாதி இதுதான்.

பென் டிரைவில் பெரிய கோப்பு மட்டும் ஏற மறுக்கிறது. இடமோ நிறைய இருக்கிறது. ஃபேட் 32 வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், அதையும் சொல்லிவிட்டேன்.

## அறிகுறி 3: வந்துவிட்டது, திறக்கவில்லை

கோப்பின் அளவைப் பாருங்கள், கிலோபைட்டில் வேண்டாம், பைட்டில். சர்வரில் உள்ள எண்ணும் உங்களிடம் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சில கிலோபைட் மட்டுமே இருக்கிறது. நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே 'பயனர் பெயர், பாஸ்வேர்டு' என்று ஒரு வலைப்பக்கம் படுத்திருக்கும். உங்கள் உள்நுழைவு காலாவதியாகி, தரவுக்குப் பதில் நுழைவுப் பக்கத்தையே ஜிப் என்ற பெயரில் சேமித்திருக்கிறீர்கள். மறுபடி உள்நுழைந்து இறக்குங்கள். ஒரு மாணவி இப்படி 300 'கோப்பு'களை இறக்கிவிட்டு, திறக்கும் மென்பொருளை நாலு தடவை மாற்றி நிறுவியிருந்தார்.

கொஞ்சம்போலக் கூடவோ குறையவோ இருக்கிறது. கோப்பு இறக்கும் பழைய எஃப்டிபி மென்பொருள் எழுத்துக் கோப்பு என்று நினைத்து வரி முடிவுகளைத் திருத்தியிருக்கும். பைனரி முறைக்கு மாற்றி மறுபடி இறக்குங்கள்.

அளவு சரி, ஆனாலும் திறக்கவில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா 256 சரிபார்ப்பு எண்ணை இரு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். 64 எழுத்துகளில் ஒன்று மாறினாலும் கோப்பு ஒன்றல்ல. இரண்டும் ஒன்றுதான் என்றால் சர்வரில் உள்ளதே பழுது. அப்போது தரவுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், மறுபடி மறுபடி இறக்குவதில் பிரயோஜனம் இல்லை.

## அறிகுறி 4: ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது, அல்லது நனைந்துவிட்டது

சின்னப் பகுதி இது, ஏனென்றால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சத்தம் கேட்டால் உடனே இணைப்பைக் கழற்றுங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று போட்டுப் பார்ப்பதில்தான் முள் தட்டில் உரசி மிச்சமும் போகிறது.

2023 டிசம்பர் 17, 18 மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி வடிந்தபின் ஒரு தம்பி சேறு படிந்த டிஸ்க்கை அரிசி டப்பாவில் புதைத்து, மூன்று நாள் கழித்து மின்சாரம் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால் வாய்ப்பு இருந்தது. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காய வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். சேறு இறுகிவிட்டால் பிரிப்பது கஷ்டம். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரவு மீட்பு ஆளிடம் நேரே போங்கள். ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் கடையில் 'திறந்து பார்க்கிறேன்' என்று யாராவது ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

## அறிகுறி 5: திறக்கிறது, எண்கள் கோணலாக இருக்கின்றன

### சராசரி திடீரென்று ஏறி நிற்கிறது

காந்தப்புல நிலையங்கள் பலவும் தரவு தரும் ஐஏஜிஏ 2002 வடிவத்தில், பதிவாகாத இடத்தில் 99999 என்று எழுதுவார்கள். உங்கள் நிரலுக்கு அது தெரியாது, அதையும் ஒரு மதிப்பாகக் கூட்டிவிடும். நம் பக்கம் கிடைமட்டப் புலம், அதாவது தரைக்கு இணையான கூறு, சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). நாளைக்கு 1,440 நிமிட மதிப்புகள். ஒரே ஒரு நிமிடம் விடுபட்டிருந்தால்கூட நாளின் சராசரி 42 நானோடெஸ்லா ஏறிவிடும். நீங்கள் தேடும் பகல் மின்னோட்டத்தின் அளவே பல நாளில் அந்த அளவுதான். 88888 என்றிருந்தால் அந்தக் கூறு அங்கே அளக்கப்படவே இல்லை. இரண்டையும் வெற்று மதிப்பாக மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

### கடைசி நாட்களைக் காணோம்

எக்ஸெலில் திறந்தீர்களா? அதில் 10,48,576 வரிகள்தான் அடங்கும். நொடிக்கு ஒரு மதிப்பு என்றால் நாளைக்கு 86,400. பன்னிரண்டு நாள் முழுதாக வரும், 13-ஆம் நாள் அதிகாலை மூன்றேகால் மணிக்குத் தரவு நின்றுவிடும். 'மாதாமாதம் 13-ஆம் தேதி உங்க கருவி நின்னுருது அண்ணே' என்று ஒரு தம்பி வரைபடத்தோடு வந்து நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. பைத்தானில் திறங்கள். எக்ஸெலில்தான் பார்ப்பேன் என்றால் நாளுக்கு ஒரு கோப்பாக வெட்டிக்கொள்ளுங்கள்.

### உச்சி வேளை உச்சியில் இல்லை

எனக்குப் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் கண்டுபிடிக்கச் சூரியனே போதும்.

அமைதியான நாளில் நம் பக்கம் கிடைமட்டப் புலம் காலையில் ஏறி, உள்ளூர்ச் சூரிய நேரம் 11 மணி வாக்கில் உச்சம் தொட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறோம். ஆகவே நம் கைக்கடிகாரத்தில் அது 11.20 வாக்கு.

இப்போது உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். உச்சம் 6 மணி அருகே நிற்கிறதா? தரவு உலக நேரத்தில் (யுடிசி) இருக்கிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 11.20 அருகே என்றால் ஏற்கெனவே இந்திய நேரம். மாலை 5 மணி வாக்கில் நிற்கிறது என்றால் யாரோ கூட்டியதன் மேல் நீங்களும் கூட்டியிருக்கிறீர்கள். நள்ளிரவை ஒட்டி நின்றால் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டீர்கள்.

ஒரு நாளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். சில நாள் அந்த மின்னோட்டம் திசை திரும்பி ஓடும், உச்சம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். ஐந்தாறு அமைதியான நாட்களை எடுத்துப் பாருங்கள்.

### நாளே பிசகுகிறது

மார்ச் 1 முதல் எல்லாம் ஒரு நாள் தள்ளி நிற்கிறதா? கோப்புப் பெயரில் இருப்பது ஆண்டின் நாள் எண். சாதாரண ஆண்டில் மார்ச் 1 என்பது 60, 2024 போன்ற லீப் ஆண்டில் 61. மாதமும் தேதியும் இடம் மாறியிருந்தால் எக்ஸெலின் கைவரிசை. 05/04 அதன் அமெரிக்க அமைப்பில் மே 4 ஆகிவிடும்.

மின்வெட்டுக்குப் பின் தேதி ஏதோ ஓர் ஆண்டின் ஜனவரி 1-க்குப் போய்விட்டதா? பதிவுக் கணினியின் உள்ளே 2032 என்று எழுதிய பட்டன் செல் தீர்ந்துவிட்டது. மாற்றிவிடுங்கள், பெட்டிக்கடை விலைதான்.

சரியாக 7,168 நாள் பின்னே போயிருந்தால் வேறு கதை. கருவிக்கு நேரம் கொடுக்கும் ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படித் தொடங்கியபோது சில பழைய ஜிபிஎஸ் ஏற்பிகள் 1999 ஆகஸ்டுக்குத் தாவின. ஏற்பியின் உள்மென்பொருளைப் பொறுத்து வேறு தேதிகளிலும் இது நடக்கும். அந்த நாட்களைக் கூட்டி மீட்டுவிடலாம், தரவு பத்திரம். உள்மென்பொருளைப் புதுப்பிக்கக் கருவிப் பொறியாளர் வேண்டும்.

## அறிகுறி 6: வரைபடத்தில் முள் குத்துகிறது, அல்லது படி ஏறுகிறது

### முள் தினமும் ஒரே நேரத்தில்

எங்கள் வளாகத்து ஓரத்தில் பயிற்சிக்காக ஒரு காந்தமானி இருக்கிறது. ஒரு பருவத்தில் ஞாயிறு தவிர தினமும் காலை 9.40 வாக்கில் ஒரு முள், இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. மூன்று வாரம் மண்டையை உடைத்தோம். கேபிளை மாற்றினோம், யூபிஎஸ்ஸை மாற்றினோம். கடைசியில் வெளியூரிலிருந்து பொறியாளரை வரவழைத்து, வண்டிச் சத்தமும் கொடுத்தோம். அவர் கருவி நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். 9.38-க்கு உடைமுள் வேலி இடைவெளி வழியாக டீக்கார அண்ணாச்சியின் மொபெட் நுழைந்து, உணரிக் குடிசைக்கு மூன்று அடி தள்ளிக் கடந்தது. டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அதே வழியில் திரும்பியது.

"அண்ணாச்சி, ரோடு இருக்க இந்த வழியா ஏன் வாறீய?"

"அந்தப் பக்கம் நாய் வெரட்டுது தம்பி."

பம்பாய்க்கு மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவைக் கெடுக்கும் என்பதால்தான் 1841 முதல் கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகத்தை 1904-இல் பம்பாய்க்குத் தெற்கே உள்ள அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வேலியை அடைத்ததோடு சரி.

ஆகவே, நேரம் தவறாத முள் என்றால் பொறியாளருக்கு முன்னால் நாற்காலி. முதலில் போய் உட்கார்ந்து பாருங்கள். இரும்பு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்கு நல்லது, தூரம் இரட்டித்தால் தாக்கம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

### முள் நேரம் காலம் இல்லாமல்

ஐப்பசி, கார்த்திகையில் என்றால் இடி மின்னல். அந்த நேரத்து மழைக் குறிப்போடு ஒப்பிட்டு, ஒற்றைப் புள்ளியாக இருந்தால் வெற்று மதிப்பாக்கிவிடலாம். வெயில் நாளிலும் வந்தால் இணைப்பிகளைப் பாருங்கள், பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதற்குமேல் மண்ணிணைப்பு (எர்த்). அதை எலக்ட்ரீசியன் அளந்துதான் சொல்ல வேண்டும்.

### படி போல ஏறி, அப்படியே நிற்கிறது

யாரோ இரும்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஸ்பானர், பூட்டு, ஒரு தடவை இரும்புக் கட்டிலே கிடந்தது. ஒன்றுமில்லை என்றால், தனித் தூணில் மொத்தப் புலத்தை அளக்கும் புரோட்டான் கருவியின் மதிப்போடு ஒப்பிடுங்கள். கிடைமட்டத்தையும் செங்குத்தையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் புலமே மாறியிருக்கிறது. ஒன்று மட்டும் ஏறியிருந்தால் அந்த உணரி சாய்ந்திருக்கிறது, அல்லது அதன் மின்சுற்று.

### எல்லாமே ஒரேயடியாக ஆடுகிறது

கை வைக்காதீர்கள். முதலில் வேறு நிலையத்தின் தரவை எடுங்கள், அலிபாக் போதும். 2024 மே 10 இரவு பத்தரை வாக்கில் ஒரு செங்குத்துப் படி, அப்புறம் மறுநாள் முழுக்கப் பள்ளம். அது உலகம் முழுக்கப் பதிவான காந்தப்புயல். புயலின் வலிமையைச் சொல்லும் டிஎஸ்டி குறியீடு −400 நானோடெஸ்லாவுக்கும் கீழே போனது. ஒரு தம்பி அந்த இரண்டு நாளையும் 'இரைச்சல்' என்று வெட்டிவிட்டு மீதியை எனக்கு அனுப்பியிருந்தார். மூலக் கோப்பு பூட்டிக் கிடந்ததால் தப்பித்தோம்.

அலிபாகிலும் ஆடியிருந்தால் அது வானம். இங்கே மட்டும் பகலில் ஆடியிருந்தால் நம் தலைக்கு மேல் ஓடும் மின்னோட்டமாக இருக்கலாம், அதையும் வெட்டக் கூடாது. இங்கே மட்டும், ராத்திரியிலும், இரும்பும் இல்லை, இணைப்பியும் சுத்தம், புரோட்டான் கருவி அமைதியாக இருக்கிறது என்றால் அப்போது பொறியாளரைக் கூப்பிடுங்கள். கோளாறு தொடங்கிய நேரத்தை உலக நேரத்தில் குறித்து, முந்தைய ஏழு நாள் மூலத் தரவையும் வெப்பநிலைப் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள். வெப்பநிலை அனுப்பாவிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.